பனி குடித்த மூட்டை

ஆரோக்கியசெல்வி ஏட்டம்மா இரண்டு கிலோ கஞ்சாவைத் திருடி விற்றுவிட்டாள் என்றுதான் ஏற்காடு கடைவீதியில் இன்றைக்கும் பேச்சு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்தால், யாரிடம் விற்றாள், அந்தப் பணத்தில் என்ன வாங்கினாள் என்பதுவரைக்கும் சொல்லுவார்கள். நரம்பில்லாத நாக்குக்கு என்ன கஷ்டம்! அவள் ஒரு இணுக்குகூட எடுக்கவில்லை. அவள் செய்தது வேறு. அது திருட்டைவிட மோசமானது. அதை அவளே வாய்விட்டுச் சொல்லியும் நம்புவதற்கு ஊரில் ஆளில்லை.

செல்வி நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் கூலி லைன் வீட்டில், பழம் பறிக்கிறவளுக்குப் பிறந்தவள். போலீஸ் வேலை கிடைக்கும்வரை லீவு நாளெல்லாம் காப்பிக் களத்தில் கொட்டை கிளறியவள். புருஷன் மேக்ஸ்வெல் ஜீப் ஓட்டுகிறான். ஒரே மகள் பிரிஸ்கில்லா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கடைசி ஐந்து வருஷம் மலைமேல் ஒரு ஸ்டேஷனில் இருந்தாள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். சொன்னால் இப்போது அங்கே இருக்கிற பாவப்பட்டவர்களுக்குத்தான் தலைவலி. பிடிபட்ட சாமான்களை வைத்துப் பூட்டும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. சாராயக் கேன், சந்தனக்கட்டை, வெட்டரிவாள் என்று எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, கேஸ் முடியும்வரை குறையாமல், கெடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு கத்தி துருப்பிடித்தாலும் அவளைத்தான் கேட்பார்கள்.

முந்தின வருஷம் ஐப்பசியில் அந்த மூட்டை வந்தது. மிளகு ஏற்றிவந்த வேன் ஒன்றை மடக்கினார்கள். நடுவில் ஒரு பெரிய மூட்டையில் மட்டும் மிளகு இல்லை, கஞ்சா. வேனை ஓட்டிவந்தவன் செம்மநத்தத்துப் பையன் தினேஷ், இருபத்துமூன்று வயது. சரக்குக்குச் சொந்தக்காரன் யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்பார்கள். தினேஷ் அப்படிக் காய்ந்தவன். பிடித்த இடத்திலேயே எடை போட வேண்டும் என்பது விதி. கொண்டுபோயிருந்த கொக்கித் தராசில் பேட்டரி செத்துக் கிடந்தது. எஸ்.ஐ. மாரியப்பன் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் ஸ்டேஷன் தராசில் போட்டுக்கொள்ளலாம் என்று மூட்டையை ஏட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அப்போது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். செல்வி மூட்டையைத் தூக்கினாள். காப்பி மூட்டை தூக்கிப் பழகின கைக்குத் தராசு எதற்கு? பத்தொன்பதுக்குள்தான் இருக்கும் என்று கை சொன்னது. வாயைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது மொறுமொறுவென்று காய்ந்து, தொட்டால் பொடியாகி உதிர்ந்தது. சாக்கின் இழைவழியாகத் தூள் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. நாளைக்கு எடை குறைந்தால் பழி யார் தலையில் விழும்?

இங்கேதான் அவள் ஒரு வேலை செய்தாள். மலையில் பிறக்காதவர்களுக்கு அது தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. மலையில் கூரைப்புல்லைக் காய்ந்த சூட்டோடு யாரும் கட்டமாட்டார்கள், ஒடிந்துபோகும். பரப்பிப் போட்டுப் பனி குடிக்க விட்டு, பதம் வந்த பிறகுதான் கட்டுவார்கள். புல்லுக்கு உள்ளது இதற்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தார்ப்பாயை ஜன்னலுக்குக் கீழே விரித்தாள், மூட்டையைக் கொட்டிப் பரப்பினாள், ஜன்னலைத் திறந்துவைத்தாள், அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஐப்பசி மாதத்துப் பனி. கதவைத் தட்டிக்கொண்டா வரும்?

காலையில் வந்து பார்த்தால் எல்லாம் மெத்தென்று இருந்தது. ஒரு இலை ஒடியவில்லை. தூளையும் விடாமல் கூட்டி அள்ளி மூட்டை கட்டினாள். நல்ல காரியம் செய்தோம் என்று மனசுக்குள் ஒரு மெச்சுதல் வேறு. பத்து மணிக்கு மாரியப்பன் வந்து எடை போட்டார். இருபது கிலோ நானூறு கிராம். அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு தரம் போட்டார். அதே இருபது நானூறு. பிடித்த இடத்திலேயே எடை போட்டதாக எழுதிக்கொண்டார்.

இருபது தாண்டிவிட்டதில் அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவரே விளக்கினார். இருபது கிலோவுக்குக் கீழே என்றால் ஜாமீன் கிடைக்கும், தண்டனையும் ஜட்ஜ் பார்த்துக் கொடுப்பதுதான். இருபதைத் தாண்டிவிட்டால் வியாபார அளவு. ஜாமீன் குதிரைக்கொம்பு, தண்டனை பத்து வருஷத்துக்குக் குறையாது.

லாக்கப்பிலிருந்து தினேஷ் ஏதோ சொன்னான். ஏற்றும்போது எடை போட்டதைத் தானே பார்த்ததாகவும், அது பதினெட்டரைதான் என்றும் சொன்னான். பிடிபட்டவன் எவன்தான் கூட்டிச் சொல்லுவான் என்று மாரியப்பன் சிரித்தார்.

அந்த நிமிஷம் செல்வி வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், பிடித்த சரக்கை சீல் வைக்காமல் தரையில் கொட்டிப் பரப்பியது யார் சொல்லி என்று கேள்வி வரும். வேலை போகும். பிரிஸ்கில்லா காலேஜில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. செல்வி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். துணியில் தைத்து, அரக்கு உருக்கி சீல் வைத்து, மூட்டையைப் பலகைமேல் ஏற்றினாள். பையனைச் சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? முதலில் வாசனை பிடித்துக்கொண்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து போகவில்லை. சோறு பிசைந்தால் அந்த வாசனை, தலை வாரினால் அந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் சாம்பிராணி காட்டும்போது, அது சாம்பிராணிதான் என்று தெரிந்தும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மேக்ஸ்வெல்லிடம் என்மேல் ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்டாள். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு மீன்குழம்பு வாசனைதான் என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மீன்குழம்புக்கு எதற்கு அழுகிறாள் என்று அவன் திகைத்துப்போனான்.

அப்புறம் சத்தம். தை பிறந்து வெயில் ஏறினதும், மத்தியான நேரத்தில் அறைக்குள் மூட்டை லேசாக நொறுங்கும். உள்ளே காம்புகள் காய்ந்து ஒன்றன்மேல் ஒன்று இறங்குகிற சத்தம். காப்பிக் களத்தில் கேட்டுப் பழகின சத்தம்தான், அவளுக்குத் தெரியாதா என்ன! ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம். யாரோ உள்ளே புரண்டு படுக்கிற மாதிரியே அவளுக்குக் கேட்டது. கதவருகில் நின்று, யார் என்று கேட்கப்போன வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு நாள் யாருமில்லாத நேரத்தில் மூட்டையைத் தராசில் வைத்தாள். பத்தொன்பது கிலோ இருநூறு. சித்திரையில் மறுபடி வைத்தாள். பதினெட்டு எழுநூறு. சீல் உடையவில்லை, எலி தொடவில்லை, குடித்த பனியை மூட்டை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்படியே போனால் கோர்ட்டில் ஒரு நாள் எடை போடும்போது ஏட்டம்மா திருடினாள் என்றுதான் எழுதுவார்கள்.

தவளை தன் வாயால் கெடும். செல்வி தன் கெட்டிக்காரத்தனத்தால் கெட்டாள். சேலத்துக்குப் போனபோது காற்றின் ஈரமும் சூடும் காட்டுகிற முள் வைத்த சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிவந்து மூட்டைக்குமேல் ஆணியடித்து மாட்டினாள். நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றும் தொங்கவிட்டாள். ஈரத்தை உறிஞ்ச ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்புக் கல்லும் வைத்தாள். பார்த்தவர்கள் ஏட்டம்மாவுக்கு எவ்வளவு பொறுப்பு என்றார்கள். பல்பையும் சுண்ணாம்பையும் விடாமல் வைத்து, முள் அறுபதில் நின்றால் சரக்கு கெடாது, பூசணம் பிடிக்காது. ஆனால் எடை பதினெட்டரைக்கு வந்துவிடும். ஜன்னலைத் திறந்து முள்ளை எண்பதுக்கு ஏற்றினால் எடை இருபதைத் தாண்டும். ஆனால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நடக்கக் கற்றுக்கொண்டாள். பனி இறங்குகிற காலையில் ஜன்னலைத் திறப்பாள், வெயில் வந்ததும் மூடுவாள். ஆடியில் மூட்டையின் ஒரு மூலையில் வெள்ளைப் பூசணம் தெரிந்தபோது பல்பைப் போட்டு அந்த மூலையை மட்டும் காயவைத்தாள். பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் தினம் நாலு தரம் தொட்டுப் பார்த்தாள். ஒரு பொய்யை ஒரு வருஷம் கெடாமல் வளர்ப்பது லேசான காரியமா?

இதற்கு நடுவில்தான் வீராயி வந்தாள், தினேஷின் அம்மா. எஸ்டேட் கூலி. புருஷன் இல்லை, அவன் ஒரே பையன். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் இரண்டு பஸ் மாறி ஸ்டேஷனுக்கு வருவாள். வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். எதையும் கேட்கமாட்டாள். ஜெயில் சேலத்தில் இருக்கிறது, இங்கே எதற்கு வருகிறாய் என்று செல்வியே ஒரு நாள் கேட்டாள்.

“அங்க எங்கீங்க உள்ள உடறாங்க. பஸ்சுக்கும் காசு பத்தறதில்லீங்க. இங்கதான அந்த மூட்ட இருக்குது,” என்றாள் வீராயி. பிறகு குரலை இறக்கினாள். “ஏனுங் ஏட்டம்மா, அத நல்லாப் பாத்துக்கிறீங்கல்லங்க? அது கெட்டுப்போச்சுன்னா எம்பையன் கேசும் கெட்டுப்போயிரும்னு ஊட்டுப் பக்கத்துல சொல்றாங்க. நொம்பப் பயமா இருக்குதுங்க.”

யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவள் அப்படித்தான் நம்பினாள். மகனுடைய உயிர் அந்த மூட்டைக்குள் இருப்பதுபோல் ஒவ்வொரு வாரமும் வந்து விசாரித்தாள். மழை பெய்தால், அறை ஒழுகுதுங்களா என்பாள். குளிர் அடித்தால், அடியில் பலகை போட்டிருக்கிறீர்களா என்பாள். செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் மூட்டைக்கு முகம் இருப்பதுபோல் தோன்றியது. முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் பின்பக்கமாகவே நடந்து வருவாள். போலீஸ்காரி, நாற்பத்தாறு வயது, ஒரு மூட்டைக்கு முதுகு காட்டப் பயந்தாள் என்றால் யார் நம்புவார்கள்.

கார்த்திகையில் ஒரு வேலையாகச் சேலம் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். வராந்தாவில் காவலோடு தினேஷ் நின்றிருந்தான். அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சட்டை ஆணியில் மாட்டினதுபோல் தொங்கியது. கூட வந்த போலீஸ்காரர் தெரிந்தவர், அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தினேஷ் கத்தவில்லை, திட்டவில்லை. எத்தனையோ தரம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லுகிறவன்போல நிதானமாகச் சொன்னான்.

“நான் யோக்கியன்னு சொல்லலீங்க ஏட்டம்மா. கஞ்சான்னு தெரிஞ்சுதானுங்க ஏத்துனேன். அதுக்கு உள்ள போட்டாச் சரிதானுங்க. ஆனா அது பதினெட்டரைதானுங்க. எங்கண்ணால பாத்தேன். மிச்சம் எங்கிருந்து வந்துச்சுன்னுதான் எனக்கு வெளங்கவே மாட்டீங்குது. அத நெனச்சு நெனச்சு மண்டையே கொழம்பிப்போச்சுங்க.”

அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கைப்பையில் எதையோ தேடினாள். மலை ஏறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குரல் கூடவே வந்தது. அவன் விடுதலையைக் கேட்கவில்லை, மன்னிப்பைக் கேட்கவில்லை, சரியான எடையைக் கேட்டான். அதைக்கூடக் கொடுக்காமல் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மார்கழிக் கடைசியில் கடிதம் வந்தது. தை பதினைந்தாம் தேதி மூட்டையைச் சேலத்துக்குக் கொண்டுவந்து மாஜிஸ்திரேட் முன்னால் எடை போட்டுக் காட்ட வேண்டும். மாரியப்பன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று மாதத்துப் புதுசாக வந்தவர் இப்போது பதினேழு மாதம் மலைப்பனி பார்த்துவிட்டார். அவருக்கும் ஏதோ புரிந்திருந்தது. நேராக எதையும் சொல்லவில்லை. அறைக்குள் காற்றோட்டம் நல்லது, ஜன்னல் திறந்தே இருக்கட்டும், கிளம்புகிற அன்று காலையில் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள், கீழே வெயில் அதிகம் என்றார். செல்வி சரிங்க சார் என்றாள்.

அறைக்குப் போனாள். ஜன்னலை மூடினாள். இடுக்குகளில் பழைய துணியை அடைத்தாள். பல்பைப் போட்டாள். நீர்த்துப்போன சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் புதுக் கல் வாங்கி இரண்டு சட்டியில் வைத்தாள்.

அந்தப் பதினாறு நாளும் அவள் பட்ட பாடு அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். தினமும் மத்தியானம் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள். இருபது நூறு. பத்தொன்பது எண்ணூற்றைம்பது. இருபதுக்குக் கீழே இறங்கின அன்றைக்கு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியே பனி நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும், வேலை தப்பும், பிரிஸ்கில்லா படிப்பு தப்பும், ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் மூட்டை ஒரு தரம் நொறுங்கியது. இந்த முறை அவள் திரும்பிப் பார்த்தாள். சாமி, கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு என்று அதனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலை மூடினாள்.

சேலத்தில் எடை போட்டபோது பதினெட்டு கிலோ ஐந்நூற்று இருபது. சீல் உடையாமல் இருந்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லோரையும் பார்த்தார். மாரியப்பன் செல்வியைப் பார்த்தார். அவள் ஒரு அடி முன்னால் வந்து, பிடித்த அன்றைக்கு எடை போடவே இல்லை, ராத்திரி முழுக்கப் பனியில் விரித்துப் போட்டது நான்தான், பதினெட்டரைக்கு மேலே இருந்ததெல்லாம் தண்ணீர் என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக எடையைப் பிடித்து வைத்ததும் நான்தான் என்றாள்.

யாராவது நம்பினார்களா? பனியால் ஒரு ராத்திரியில் இரண்டு கிலோ எடை ஏறுமா என்று கீழே இருக்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் சொன்னது உண்மையென்றால் மாரியப்பன் எழுதினது பொய்யாகும்; அதனால் அவர், ஏட்டம்மா சீலைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி வைத்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பேப்பரில் படத்தோடு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் எடையில் சந்தேகம் வந்துவிட்டதால், அடுத்த மாதமே தினேஷுக்கு ஜாமீன் கிடைத்தது. பதினாறு மாதம் கழித்து அவன் வெளியே வந்தான்.

செல்வி வீட்டுக்கு யாரும் வருவதில்லை. கோயிலுக்குப் போனால் அவள் உட்காரும் பெஞ்சில் அவள் மட்டும்தான். பிரிஸ்கில்லா போனில் பேசும்போது இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினாள். மேக்ஸ்வெல் மட்டும் அவளை நம்பினான், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டான். அவள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீராயி தேடிக்கொண்டு வந்தாள். உள்ளே வரச்சொல்லியும் வராமல் வாசற்படியிலேயே நின்று, சட்டென்று குனிந்து செல்வியின் காலைத் தொட்டாள். செல்வி பதறிப்போய் விலகினாள்.

“ஊரெல்லாம் உங்களத் திருடீங்குதுங்க. சொல்றவன் வாயில புழுதான் வைக்கும்,” என்றாள் வீராயி. அழுதுகொண்டே சிரித்தாள். “எனக்குத் தெரியுமுங்க. எம்பையன் உசுரக் காப்பாத்தத்தான் அந்த ரெண்டு கிலோவ எடுத்து வீசுனீங்க. உங்க வேலையவே குடுத்துட்டீங்க. எங்க மாரியாத்தாவுக்கு அடுத்து நீங்கதானுங்க எனக்கு.”

எவ்வளவு சுகமான பொய்! செல்வி சும்மா இருந்தாலே போதும். ஊரில் ஒரே ஒரு வாய் அவளை வாழ்த்துகிறது, அதையும் கெடுத்துக்கொள்வானேன்? ஒரு மூச்சு அப்படித்தான் நினைத்தாள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைக் கட்டிக்காக்க அவளால் முடியவில்லை. இன்னொன்றைக் கெடாமல் வைத்திருக்க அவளிடம் தெம்பு இல்லை. வீராயியைப் படியில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். தார்ப்பாய் விரித்ததைச் சொன்னாள். கை சொன்ன எடையைச் சொன்னாள். கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து திறந்து மூடினதைச் சொன்னாள். வீராயி வந்து விசாரித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தனக்கு இது தெரியும் என்பதைச் சொன்னாள்.

கோர்ட்டில் இருந்த படித்தவர்கள் யாருக்கும் விளங்காதது வீராயிக்கு ஒரு கேள்வி இல்லாமல் விளங்கியது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. தன் கைகளைப் பார்த்தாள், காப்பிப்பழம் பறித்துப் பறித்துக் கறுத்துப்போன கைகள்.

“மழ பேஞ்ச அன்னிக்கு நாங்க பழம் பறிச்சுக் கொண்டாந்து எடைக்கு வெச்சா, இதுல ஒரு கிலோ தண்ணின்னு எஸ்டேட் ரைட்டரு கழிச்சுத்தானுங்க எழுதுவாரு,” என்றாள். “முப்பது வருசமா ஒரு தடவகூடத் தவறாமக் கழிச்சாங்க. உங்கம்மாவுக்கும் கழிச்சிருப்பாங்க, நீங்களும் பாத்திருப்பீங்க.”

செல்வி ஆமாம் என்றாள்.

“எம்பையனுக்கு மட்டும் கழிக்கோணும்னு உங்களுக்குத் தோணலீங்களே.”

நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீராயி எழுந்து போனாள்.